பெற்றவள் கண்ட குறி

பேர்ல் பக் அம்மையாரின் பெயரை நூல் படிக்கும் பழக்கமுடைய நம் மூத்தோர் பலர் அறிந்திருப்பர். சீன நாட்டு உழவர் குடும்பம் ஒன்றின் கதையாகிய 'தி குட் எர்த்' என்னும் புதினத்தை 1931-இல் வெளியிட்டு, 1938-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். அந்தப் புதினத்தின் பின்னே ஒரு பெண் குழந்தை இருந்தாள் என்பது பலரும் அறியாத செய்தி. தம் மகள் கேரலின் வாழ்நாள் பராமரிப்புக்குப் பொருள் வேண்டியே அம்மையார் அக்காலத்தில் விரைந்து விரைந்து எழுதினார்.

ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னர் நாம் படித்த நூல்களுள், அம்மகளைப் பற்றி அவர் 1950-இல் எழுதிய சிறுநூல் நம்மைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம். முதற்கண் அந்நோயைப் பற்றியும், அது புகுந்த சில இல்லங்களைப் பற்றியும் முறையாக அறிந்துகொள்வது நலம்.

கேரல் 1920-இல் சீனாவில் பிறந்தாள். பிறந்தபோது குறை ஏதும் தென்படவில்லை. பொன்னிறத் தலைமயிரும் நீலக் கண்ணும் உடைய அழகிய குழந்தை. ஆனால் தோலில் அடிக்கடி கரப்பான் போன்ற புண் வந்தது. உடலில் ஒருவிதப் புழுங்கிய வாடை வீசியது. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. 'சில குழந்தைகளுக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும்' என்று உற்றாரும் நண்பரும் ஆறுதல் கூறினர். தாயும் அதனை நம்ப விரும்பினார். இவ்வாறு ஆண்டுகள் கழிந்தன. பின்னர் மகளை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று மருத்துவர் பலரிடம் காட்டினார். ஒருவர் இதயம் நன்றாயுள்ளது என்றார். மற்றொருவர் செவி நன்றாயுள்ளது என்றார். முன்னேற்றம் வரக்கூடும் என்றே பலரும் நயமாகக் கூறி அனுப்பினர். இறுதியில் மினசோட்டா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், எல்லாச் சோதனையும் முடிந்து தாயும் மகளும் வெளியேறும் நேரத்தில், மருத்துவர் ஒருவர் அவர்களை வழியில் நிறுத்தினார். இக்குழந்தை இனி இயல்பான நிலையை அடையாது, வீண் நம்பிக்கையில் வாழ்வையும் பொருளையும் இழக்க வேண்டா, இவள் மகிழ்ந்து வாழத்தக்க ஓரிடத்தைத் தேடுக என்று முகத்துக்கு நேரே கூறிவிட்டார். அச்சொல் தாயின் நெஞ்சைப் பிளந்தது. ஆயினும், இனியவை கூறிய மற்றவரைக் காட்டிலும் அவருக்கே தாம் நன்றிக்கடன் பட்டதாக அம்மையார் எழுதியுள்ளார்.

1929-இல், ஒன்பது வயதில், கேரல் நியூ ஜெர்சி மாநிலத்து வைன்லாந்து என்னும் ஊரிலிருந்த பயிற்சிப் பள்ளியில் சேர்க்கப்பட்டாள். அவள் 1992-இல் மறையும்வரை அவ்விடமே அவளுக்கு இல்லமாயிற்று. தாய் 1973-இலேயே மறைந்துவிட்டார். மகளைச் சேர்த்த பின்னர் ஏறத்தாழ இருபதாண்டுகள் அம்மையார் அவளைப் பற்றிப் பொதுவில் வாய் திறக்கவில்லை. உலகமெல்லாம் போற்றிய எழுத்தாளர், நாளேடுகள் அவர் வாழ்க்கையைத் துருவித் துருவி எழுதிய காலம். அப்போதும் மகளைப் பற்றி மௌனம். 1950-இல் தாமே எழுதி வெளியிட்ட பின்னர், தம்மைப் போன்ற பெற்றோர் எத்துணைப் பேர் நாடெங்கும் வாய்மூடி இருந்தனர் என்பது அவர்கள் எழுதிய மடல்களால் அவருக்குத் தெரிய வந்தது. மகளுக்கு வந்த நோயின் பெயரை அவர் அறிந்தது 1960-களில்தான்.

ஓஸ்லோ நகரத்துத் தாய்

கேரல் வைன்லாந்து சென்ற ஐந்தாண்டுகளில், நார்வே நாட்டின் தலைநகராகிய ஓஸ்லோவில் வேறொரு தாய் அதே நோயை எதிர்த்து நின்றுகொண்டிருந்தார். போர்க்னி எகலாண்ட் என்பது அவர் பெயர். கணவர் பல் மருத்துவர். லிவ் என்றொரு மகள், டாக் என்றொரு மகன். 1934-இல் மகளுக்கு ஆறு வயது கடந்திருந்தது. சில சொற்களே பேசுவாள். நடை சீராக இல்லை. மகனுக்கு நான்கு வயது அளவில் நடையும் இல்லை, பேச்சும் இல்லை. இருவரும் பிறந்தபோது நன்றாகவே இருந்தனர்.

அத்தாய் ஏறாத மருத்துவர் படி இல்லை. அவரிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. நன்றாய்ப் பிறந்த குழந்தைகள் இவ்வாறு ஆனது எதனால் என்பது ஒன்று. இருவரிடமும் எப்போதும் வீசும் அந்த விநோத வாடை எதனால் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு மருத்துவர்கள் தலையசைத்தனர். இரண்டாம் கேள்வியைப் பலர் பொருட்படுத்தவேயில்லை. வாடையைப் பற்றித் தாய் கூறுவதில் என்ன இருக்கப் போகிறது என்பது அவர்கள் எண்ணம் போலும். கேள்வியை அவர் விட்டாரில்லை. இறுதியில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவரிடம் சென்றார். ஃபோலிங் மருத்துவம் பயிலுமுன் வேதியியல் பயின்றவர். இது நல்லூழ் என்றே சொல்ல வேண்டும்.

ஃபோலிங் குழந்தைகளைப் பார்த்தார். புதிதாக ஒன்றும் புலப்படவில்லை. சிறுநீரைச் சோதித்தார், சர்க்கரை இல்லை, புரதம் இல்லை. பின்னர் ஃபெர்ரிக் குளோரைடு என்னும் கரைசலைச் சில துளி விட்டார். அக்காலத்தில் நீரிழிவு நோயாளரிடம் கீட்டோன் உள்ளதா எனக் காண்பதற்குச் செய்யும் சோதனை அது. கீட்டோன் இருப்பின் செம்பழுப்பு நிறம் வரும். இல்லையேல் மஞ்சளாகவே இருக்கும். இங்கோ பச்சை நிறம் தோன்றிச் சில நிமிடத்தில் மறைந்தது. எந்த நூலிலும் அவர் காணாத நிறம். குழந்தைகளுக்குக் கொடுத்துவரும் மருந்து அனைத்தையும் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார். மீண்டும் பச்சை.

அதன்பின் தாய் நாள்தோறும் சிறுநீரைக் கலத்தில் ஏந்தி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 20 லிட்டர் வேண்டியிருந்தது. அதனைப் பிரித்து, படிகமாக்கி, உருகுநிலை கண்டு, இரண்டு திங்கள் உழைத்த பின்னர் ஃபோலிங் அப்பொருளை அறிந்தார். பினைல் பைருவிக் அமிலம் என்பது அதன் பெயர். நல்ல உடலில் இவ்வாறு சிறுநீரில் வரலாகாத பொருள் அது. பின்னர் மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் 430 பேரைச் சோதித்து, மேலும் எண்மரிடம் அதே பச்சையைக் கண்டார். அவ்வாண்டே தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். இன்று பினைல்கீட்டோன்யூரியா என வழங்கும் நோய் இவ்வாறு உலகறிந்ததாயிற்று.

ஓர் ஆசிரியையின் கண்ணால் இதனைப் பார்க்கையில் நமக்கு வியப்பளிப்பது பச்சை நிறம் அன்று. தாய் கண்டு கூறிய ஒரு செய்தியை ஏளனம் செய்யாமல் கேட்ட ஒருவர் கிடைத்ததே வியப்பு. அத்தாயின் மக்கள் இருவருக்கும் இக்கண்டுபிடிப்பால் பயன் விளையவில்லை. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

உடலுக்குள் நிகழ்வது

இதனைப் பாடமாகவே சொல்லிவிடுவோம். நாம் உண்ணும் பருப்பு, பால், தானியம் முதலியவற்றிலுள்ள புரதம், வயிற்றிலும் குடலிலும் சிதைந்து அமினோ அமிலங்களாகிறது. அவ்வகை அமிலங்கள் இருபது. அவற்றுள் ஒன்று பினைல் அலனின். உடல் வளர்ச்சிக்குத் தேவையான அளவு போக எஞ்சியதைக் கல்லீரலிலுள்ள ஒரு நொதி டைரோசின் என்னும் மற்றோர் அமிலமாக மாற்றிவிடும். இந்நோய் உள்ள குழந்தையிடம் அந்நொதி இல்லை, அல்லது மிகக் குறைவு. வடிகால் அடைபட்ட முற்றத்தில் மழைநீர் தேங்குவது போலப் பினைல் அலனின் குருதியில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது. தலைமயிருக்கும் தோலுக்கும் நிறம் தரும் பொருள் டைரோசினிலிருந்து உண்டாவது. ஆதலின் இக்குழந்தைகளின் மயிரும் தோலும் உடன்பிறந்தாரினும் வெளிறியிருப்பதுண்டு. தேங்கியதில் ஒரு பகுதி வேறு பொருளாகி வியர்வையிலும் சிறுநீரிலும் வெளிப்படுவதே அந்த எலி வாடை.

கருவில் இருக்கும்போது தாயின் உடல் மிகையானதை அகற்றிவிடுகிறது. அதனால்தான் குழந்தை குறையின்றிப் பிறக்கிறது. பிறந்து பாலருந்தத் தொடங்கியபின் கேடு தொடங்குகிறது. சில திங்கள்வரை வெளியே ஒன்றும் தெரியாது. தெரியும்போது இழந்ததை மீட்பது அரிது.

இதற்கு மருந்து உணவே என்பதை 1951-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் முதன்முதலாகச் செய்து காட்டினர். அங்கும் ஒரு தாயே தூண்டுகோல். அவருடைய 17 மாதப் பெண் குழந்தைக்கு நிற்கவோ நடக்கவோ இயலாது, எதிலும் நாட்டமில்லை, அழுவதும் தலையை மோதிக்கொள்வதுமாகப் பொழுது கழியும். ஹோர்ஸ்ட் பிக்கெல் என்னும் மருத்துவர் நோயின் பெயரைக் கண்டு கூறியபின், இதற்கு மருத்துவம் இல்லை என்றும் கூறினார். தாய் அவ்விடையை ஏற்கவில்லை. காலைதோறும் ஆய்வுக்கூட வாயிலில் வந்து நின்று, என் குழந்தைக்கு என்ன செய்யப்போகிறீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரது தொல்லை தாங்காமலே பிக்கெலும், ஜான் ஜெரார்டும், எவலின் ஹிக்மன்ஸ் அம்மையாரும் முயலத் தொடங்கினர் எனலாம். லூயி உல்ஃப் என்னும் வேதியியலார் லண்டனிலிருந்து ஒரு வழி கூறினார். பால் புரதத்தை அமிலத்தால் சிதைத்து, கரித்தூள் வழியே செலுத்தினால், பினைல் அலனின் கரியில் தங்கிவிடும். எஞ்சிய கலவையுடன், கரியில் தங்கிப்போன வேண்டிய பிற அமிலங்களை மீண்டும் சேர்த்து உணவாக்கலாம். குளிரறையில் இருந்துகொண்டு மணிக்கணக்கில் அதனை வடித்தனர்.

அக்குழந்தையின் குருதியில் மிகையாயிருந்தது குறைந்தது, வாடை நீங்கியது. முதலில் பினைல் அலனினை அறவே நீக்கியதால் எடை குறைந்தது. அதுவும் ஓரளவு உடலுக்குத் தேவையாயிற்றே! எனவே சிறிது பால் சேர்த்தனர். அதன்பின் சில திங்களில் குழந்தை தவழ்ந்தது, பற்றிக்கொண்டு நின்றது, தலையை மோதுவது நின்றது, கண்ணில் ஒளி வந்தது, தலைமயிர் கருமை கொண்டது.

இந்த இடத்தில் நமக்கு மனவருத்தம் தரும் ஒன்று நிகழ்ந்தது. முன்னேற்றம் உணவினால்தானா என்பதை ஐயமறக் காட்டுவதற்காக, மருத்துவர்கள் தாய் அறியாமலே உணவில் பினைல் அலனினைக் கலந்தனர். ஆறு மணி நேரத்துக்குள் குழந்தையிடம் மாறுதலைத் தாய் கண்டுவிட்டார். அழுகையும் தலை மோதலும் திரும்பின. குழந்தை நிற்கும் ஆற்றலையும் இழந்தது. பின்னர் மருத்துவமனையிலேயே சேர்த்து, மீண்டும் சோதித்து, திரைப்படமாகவும் எடுத்து உலகுக்குக் காட்டினர். அச்சான்றினால் பின்னர் எண்ணற்ற குழந்தைகள் பிழைத்தனர் என்பது உண்மை. எனினும் தாயிடம் மறைத்துச் செய்ததை நம்மால் ஒப்ப இயலவில்லை. பிற்காலத்தில் அவ்வுணவு முறையை அக்குழந்தைக்குத் தொடர இயலாமற் போயிற்று. அப்பயன் முழுதும் வேறு இல்லங்களுக்கே சென்றது.

உணவுமுறை கிடைத்தது, ஆனால் குறி தோன்றுமுன் நோயை அறிவது எங்ஙனம்? இதற்கு விடை கண்டவரும் ஒரு தந்தையே. அமெரிக்காவில் ராபர்ட் கத்ரி என்னும் நுண்ணுயிரியலாரின் மகன் மனவளர்ச்சி குன்றியவன். அது வேறு காரணத்தால் வந்தது. ஆனால் 1958-இல் அவருடைய மனைவியின் சகோதரி மகளுக்குப் பதினைந்து திங்களில் இந்நோய் எனத் தெரிந்தது. தெரிந்தபோது காலங்கடந்திருந்தது. கத்ரி புற்றுநோய் ஆய்வை விட்டு இதில் இறங்கினார். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு துளிக் குருதியை வடிதாளில் ஒற்றி உலர்த்தினால் போதும். அதனை எங்கும் அனுப்பிச் சோதிக்கலாம் என்னும் எளிய முறையைக் கண்டார். 29 மாநிலங்களில் 4,00,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்ததில் 39 குழந்தைகளிடம் நோய் கண்டறியப்பட்டது. அவர் ஏறத்தாழ 6 டாலர் செலவில் செய்த சோதனைப் பெட்டியை ஒரு நிறுவனம் 262 டாலருக்கு விற்க முனைந்தபோது அதனை எதிர்த்துப் போராடினார். தமக்கென ஒரு காசும் வேண்டாமென்றார். 1963-இல் மசாசூசெட்ஸ் மாநிலம் இச்சோதனையைச் சட்டமாக்கிற்று. இன்று பல நாடுகளில் இது இல்லாமல் குழந்தை வீடு செல்வதில்லை. முதல் சில வாரத்திலேயே உணவுமுறை தொடங்கப்பெற்ற குழந்தைகள் ஏனையோரைப் போல் பள்ளி சென்று, கல்லூரி சென்று, மணம் செய்து வாழ்கின்றனர்.

நம் இல்லங்களில்

இனி, நம்மை உறங்கவிடாத காரணத்தைச் சொல்வோம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பயிற்சி முடித்து ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நாம் பணியேற்ற புதிது. முதல் வகுப்பில் கடைசி வரிசையில் ஓர் அக்காளும் தம்பியும் அமர்ந்திருப்பர். அக்காளுக்கு எட்டு வயது. பெயரைக் கேட்டால் சிரிப்பாள். தாய் காலையில் இருவரையும் கொணர்ந்து விட்டு, புளியமரத்தடியில் நண்பகல்வரை அமர்ந்திருப்பார். தாய்மாமனை மணந்தவர் அவர். மாணவர் திரள் பதிவேட்டில் இருவர் பெயருக்கும் எதிரே 'மந்த புத்தி' என இரண்டு சொற்களை நாம் எழுதினோம். பயிற்சிப் பள்ளியில் உளவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவர் நாம்! ஒருநாள் அத்தாய் அருகில் வந்து, "டீச்சரம்மா, பொறந்து நாலு மாசம் வரைக்கும் நல்லா மொகம் பாத்துச் சிரிச்சுதுங்க. அப்புறந்தான்..." என்று தொடங்கினார். மணி அடித்தது. "டாக்டரிடம் காட்டுங்கள் அம்மா" என்று கூறிவிட்டு வகுப்புக்குள் சென்றுவிட்டோம். அடுத்த ஆண்டு அக்குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை.

அவர்களுக்கு வந்த நோய் எது என்பதை நாம் அறியோம். இந்நோய்தான் என்று கூறுவதும் தவறு. 'அப்புறந்தான்' என்ற சொல்லுக்குப் பின் அத்தாய் சொல்லவிருந்தது என்ன என்பதே இன்றளவும் நம்மைக் குடைகிறது. அவருடைய மாமியார் வீட்டில் அவரை என்ன சொல்லி ஏசினர் என்பதை மட்டும் ஊரார் வாயிலாக அறிந்திருந்தோம். முற்பிறவியில் செய்த தீவினை என்றனர்.

நம் சமயத்தில் வினைக்கொள்கை உண்டு. அது ஒவ்வோர் உயிரும் தன்னைத் தான் நோக்கி எண்ணித் திருந்துதற்கு உரியது. குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஒருத்தியை நோக்கி அயலார் விரல் நீட்டுதற்கு உரியது அன்று. உணவு, அபயம், சாத்திரம் என்பவற்றோடு ஔடதத்தையும் தானமாக வைத்த முன்னோர், பிணியை வினையென்று கூறி வாளாவிருக்கச் சொல்லவில்லை. ஏச்சுக்கு அஞ்சியே குடும்பங்கள் நோயை மறைக்கின்றன. மறைப்பதனால் குழந்தைக்குரிய காலம் போகிறது. பேர்ல் பக் அம்மையாருக்கு நேர்ந்த அந்த மௌனம் நம் ஊர்களில் இன்னும் பல திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது.

மற்றொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இந்நோய் தந்தை தாய் இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு ஒவ்வொன்று வந்து சேர்ந்தாலன்றித் தோன்றாது. ஒன்று மட்டும் உடையவர் முழு நலத்துடன் இருப்பர். தம்மிடம் அது இருப்பதையே அறியார். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நோய் வருதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. 'முதற் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று நல்லபடி பிறக்கும்' என்று சிலர் கணக்கிடுவர்; அது பிழை. ஒவ்வொரு முறையும் நான்கில் ஒன்றே. எகலாண்ட் அம்மையாரின் இரு மக்களையும் நினைவுகூர்க.

ஐரோப்பாவில் ஏறத்தாழ 10,000 பிறப்புக்கு ஒன்று என இந்நோய் காணப்படுகிறது. அக்கணக்கின்படி ஐம்பதில் ஒருவர் அம்மரபணுவை மறைவாகத் தாங்குபவர். எனவே அத்தகைய ஒருவர் உறவல்லாத ஒருவரை மணந்தால், அவரும் தாங்குபவராய் இருக்க வாய்ப்பு 50-இல் 1. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால், அதே மரபணு வழிவழியாக அவளிடமும் வந்திருக்க வாய்ப்பு 8-இல் 1. அக்காள் மகளை மணந்தால் 4-இல் 1. உறவுமணம் மிகுந்த துருக்கி நாட்டில் இந்நோய் ஐரோப்பியச் சராசரியினும் மிகுதி. இக்கணக்கு இந்நோய்க்கு மட்டும் உரியதன்று; இதேபோல் வழிவரும் அரிய நோய்கள் இன்னும் பல.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் சிதறி வாழும் நாம் சிறு தொகையினர். கொள்வதும் கொடுப்பதும் நமக்குள்ளேயே. மூன்று தலைமுறை எண்ணினால் பலரும் உறவினரே. உறவில் மணந்தோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நம் குடும்பத்திலும் அத்தகைய மணங்கள் உண்டு, நன்மக்களும் உண்டு. குடும்பத்தில் காரணம் தெரியாமல் மறைந்த குழந்தையோ, வளர்ச்சி குன்றிய குழந்தையோ முன்பு இருந்திருப்பின், அச்செய்தியை மணப்பேச்சின்போது மறைக்காமல் இரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் சொல்லி, மரபியல் மருத்துவர் ஒருவரைக் கலந்து முடிவு செய்வதே முறை. ஜாதகம் பார்க்கச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதி போதும்.

நோயுற்ற குழந்தையை வளர்க்கும் இல்லத்தின் பாடு எளிதன்று. நாம் புலால் உண்ணாதவர், எனவே புரதம் நமக்குப் பொருட்டன்று என எண்ணலாகாது. துவரையும் உளுந்தும் கடலையும் பாலும் தயிரும் பினைல் அலனின் மிகுந்தவை. அரிசிகூட அளந்தே இட வேண்டும். நெய், சர்க்கரை, பழ வகை, ஜவ்வரிசி முதலியவற்றோடு, மருத்துவர் தரும் தனி அமினோ அமிலக் கலவையே அக்குழந்தைக்குப் பால். அக்கலவையின் சுவையும் மணமும் பெரியோரே முகஞ்சுளிக்கத்தக்கவை. நாம் விலக்கும் கிழங்கு சிலவற்றை மருத்துவர் கூறக்கூடும். குழந்தையின் மூளை காக்கும் பொருட்டு அதனை ஏற்கத் தயங்கலாகாது என்பது நம் கருத்து. பாட்டி அன்பினால் ஊட்டும் ஒரு கவளம் பருப்புச் சோறு அங்கே அன்பாகாது. அஸ்பார்டேம் என்னும் செயற்கை இனிப்பிலும் இவ்வமிலம் உண்டு. பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பார்க்க. இவ்வுணவுமுறை வாழ்நாள் முழுதும் தொடர வேண்டுவது. இந்நோயுடைய பெண் வளர்ந்து கருவுறக் கருதினால், கருவுறுமுன்னரே கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருத்தல் வேண்டும். இல்லையேல் நோயில்லாக் கருவும் கெடும்.

இத்தனையையும் ஒரு தாயே சுமப்பது முறையன்று. உறவினர் வந்து நலம் விசாரித்துக் காப்பி அருந்திச் செல்வதைவிட, ஒருவேளை உணவை நிறுக்கவும் குழந்தையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டு வருவது பெரிய உதவி. மூத்த குழந்தை இருப்பின், அதன் வீட்டுப்பாடத்தை யாரேனும் கவனிக்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம்மில் பலர் இருக்கிறோம்.

நம் நாட்டில் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இக்குருதிச் சோதனை செய்யும் நிலை இன்னும் வரவில்லை. ஆயினும் பல மருத்துவமனைகளில் கட்டணம் செலுத்திச் செய்துகொள்ளலாம். ஒரு துளியிலேயே பல நோய்களைக் காணும் கருவிகள் வந்துவிட்டன. பிறந்து ஒரு நாள் கழிந்து, பாலருந்தத் தொடங்கிய பின்னர், சில நாளுக்குள் எடுப்பது நன்று. மகளோ மருமகளோ மகப்பேற்றுக்குச் சேரும்போதே இதனைக் கேட்டு வைத்துக்கொள்க. உறவில் மணந்தவராயின் கட்டாயம் கேட்க. நடுவண் அரசு 2021-இல் அரிய நோய்களுக்கென ஒரு கொள்கை வகுத்துள்ளது. அதன் பட்டியலில் இந்நோயும் உண்டு. குறிப்பிட்ட மருத்துவமனைகள் வாயிலாக நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய்வரை உதவி பெற வழி செய்யப்பட்டுள்ளது. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை அவற்றுள் ஒன்று.

இறுதியாக, பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் ஒன்று சொல்கிறோம். குழந்தை பிறந்த வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைக்கவும். என்று முகம் பார்த்துச் சிரித்தது, என்று கழுத்து நின்றது, என்று குப்புற விழுந்தது, என்று முதற்சொல் என நாளிட்டு எழுதவும். கற்றது ஏதேனும் மறந்துபோனால், வலிப்பு வந்தால், தோலில் புண் வந்தால், உடலிலோ துணியிலோ வழக்கமில்லாத வாடை வீசினால் அதனையும் எழுதவும். பாட்டி சொன்னதாயினும், பள்ளி செல்லும் அக்காள் சொன்னதாயினும் எழுதவும். மருத்துவரிடம் செல்லும்போது அந்நோட்டைக் கையோடு கொண்டு செல்லவும். அவர் அவசரத்தில் இருந்தால், வாடையைப் பற்றி எழுதிய பக்கத்தை முதலில் படித்துக் காட்டவும்.